இரண்டாம் மெஷினில் கட்டிய மூக்கு

'என் மெஷின்ல சரியாத்தான் வருது' என்று சொல்லிவிட்டு நாற்காலியைத் திருப்பிக்கொள்கிற ஆட்களைக் கண்டாலே எனக்குக் குமட்டும். மென்பொருள் தொழிலில் இதைவிடச் சோம்பேறித்தனமான வாக்கியம் கிடையாது. உன் மெஷினில் சரியாக வந்தால் எனக்கென்ன? உன் மெஷினையா மூட்டை கட்டி வாடிக்கையாளருக்கு அனுப்பப் போகிறோம்?

என் பெயர் சௌந்தரி. கோயம்புத்தூரில் 'கமழ்' என்ற நிறுவனத்தில் பில்ட் இன்ஜினியர். மற்றவர்கள் எழுதித் தள்ளுகிற நிரலை மெஷினில் கொடுத்து, சிப்பில் ஏற்றுகிற வடிவத்துக்குக் கட்டி எடுப்பது என் வேலை. மூக்குக் காய்ச்சல் ஊரைச் சுற்றிவிட்டுப் போனபோது மூன்றில் ஒருவருக்கு வாசனை தெரியாமல் போய்விட்டது. காபி வெந்நீர் ஆனது, மல்லிகை வெறும் வெள்ளைப் பூ ஆனது. அவர்களுக்காகத்தான் எங்கள் சிப். அரிசி மணி அளவு இருக்கும். மூக்குத் தண்டுக்கு மேலே தோலுக்கடியில் வைத்துவிடுவார்கள். ஒவ்வொருவர் மூளையும் வாசனையை ஒவ்வொரு விதமாகப் பதிந்து வைத்திருப்பதால், ஒவ்வொரு ஆளுக்கும் தனியாக ஒரு பில்ட் கட்ட வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், நான் மூக்கு கட்டுகிறவள்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் சேவை மையத்திலிருந்து என்னைக் கீழே கூப்பிட்டார்கள். ஒரு புருஷன் பெண்டாட்டி. ஒரே முகாமில் சிப் வைத்துக்கொண்டவர்கள். ஒரே மாடல், ஒரே வெர்ஷன். ஆனால் பெண்டாட்டியின் சிப்பில் கோளாறு என்று புருஷன் புகார் கொடுத்திருந்தார்.

"என்ன கோளாறுங்க?" என்று கேட்டேன்.

அவர் பெயர் மாகாளி. நாற்பது வயது இருக்கும். தோள் அகலமாக, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். "அது ஒண்ணுமில்லீங் அம்மிணி. இவளுக்கு இல்லாத வாசமெல்லாம் வருதுங்க. நான் வேல முடிஞ்சு வந்தா வாசல்லயே நிறுத்திப்போடறா. சோப்பு போட்டுக் குளிச்சாலும் மறுக்காக் குளிங்கறா. எனக்கு ஒண்ணுமே தெரியறதில்லீங்க. அவளோட மிஷினுதான் ஏதோ கூடச் சேத்திக் காட்டுது."

"கூடக் காட்டுதா?" அவர் மனைவி பொன்னாத்தா கையை நீட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "நேத்து மோரு கெட்டுப்போய் நொரச்சுக் கெடக்குது. அத எடுத்துக் கடகடன்னு குடிச்சுப்போட்டு, நல்லாத்தான இருக்குதுங்கறாருங்க. நாஞ்சொன்னா என்ற மூக்குப் பழுதாமா!"

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. குடும்பச் சண்டைக்கு ஒரு புகார் டிக்கெட் என்று நினைத்தேன். இருந்தாலும் சோதனைக் குப்பிகளை எடுத்து வைத்தேன். ரோஜா, காபி, கற்பூரம், சாம்பார்ப் பொடி. இருவரும் கண்ணை மூடிக்கொண்டு டக்டக்கென்று சொன்னார்கள். அடியில் முத்திரை பிரிக்காத ஒரு குப்பி கிடந்தது. அழுகிய முட்டை. மேலே எங்கள் சோதனைப் பிரிவில் அது இருப்பதில்லை. ஃப்ரிட்ஜில் டிபன் பாக்ஸ் வைக்கிறவர்கள் கூச்சல் போட்டு அதை எப்போதோ தூக்கி எறிய வைத்துவிட்டார்கள்.

மூடியைத் திறந்ததும் பொன்னாத்தா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். எனக்கே தலை சுற்றியது. மாகாளி குப்பியை வாங்கி மூக்கருகே வைத்து, தாராளமாக இழுத்துப் பார்த்தார்.

"ஒண்ணும் வல்லீங்க. இது தண்ணிங்களா?"

சிரிப்பு நின்றுவிட்டது. "நீங்க என்ன வேலைங்க பாக்கறீங்க?"

"செப்டிக் தொட்டிங்க. ஜெகதீசன்னு காண்ட்ராக்டர். அப்பார்ட்மெண்டு, மில்லுன்னு எல்லாப் பக்கமும் அவருதானுங்க எடுத்திருக்காரு."

மனிதரைத் தொட்டிக்குள் இறக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. உறிஞ்சுகிற எந்திரமும் இருக்கிறது. எந்திரத்தின் குழாய் எட்டாத மூலை என்று ஒன்றும் எப்போதும் இருக்கிறது. அந்த மூலைக்கு மாகாளி இருக்கிறார்.

"உள்ள விஷவாயு இருக்கான்னு எப்படிப் பாப்பீங்க? மீட்டர் கொடுத்திருக்காங்களா?"

"மீட்டரு மொதலாளி காருல இருக்குதுங்க. பேட்டரி இல்ல." அவர் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். "இதுதானுங்க மீட்டரு. மூடியத் தொறந்ததும் அழுகுன முட்ட வாசம் வந்தா ஆரும் எறங்கமாட்டோம். ஆற வுட்டுத்தான் எறங்கோணும். காய்ச்சல்ல மூக்குப் போனப்ப ஆரும் எறங்கவே இல்லீங்க, இப்ப சிப்பு வெச்சு எறங்குனதுல இருந்து அந்த வாசமே வாறதில்லீங்க. தொட்டியெல்லாம் சுத்தமாயிருச்சாட்ட இருக்குது."

பொன்னாத்தா இன்னும் சுவர்ப் பக்கமே நின்றிருந்தாள். ஆனால் குரலில் ஒரு சந்தோஷம் வந்தது. "ஒண்ணு சொல்லோணுமுங் அம்மிணி. இந்தச் சிப்பு வெச்சதுல இருந்து குடிய வுட்டுப்போட்டாருங்க. முன்னெல்லாம் சரக்கு போடாம எறங்கவே மாட்டாரு. அந்த நாத்தத்துக்கு எப்புடி எறங்கறதும்பாரு. இப்பப் பச்சத் தண்ணியக் குடிச்சுப்போட்டுப் போயிட்டு வாறாரு. உங்க கம்பெனி நல்லா இருக்கோணுமுங்க."

அந்த வாழ்த்தை வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. "அடுத்து எப்போ தொட்டியில இறங்கணும்?" என்று கேட்டேன்.

"வெசாழக்கெழமைங்க. ஒரு பழைய அப்பார்ட்மெண்டு. ரொம்ப நாளாத் தொறக்காத தொட்டி."

*

மேலே போனதும் இளஞ்செழியனிடம் கேட்டேன். பில்ட் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறவன் அவன். கல்யாணமாகி, காருக்குத் தவணை கட்டுகிற, எதற்கும் பதறாத ஆள். அவன் சொன்னது நீங்கள் நினைப்பதேதான்.

"அக்கா, ரெண்டு மெஷின்லயும் டெஸ்ட் பாஸ். பச்சையா இருக்கு பாருங்க. இந்தம்மா பில்ட் ஒண்ணாவது மெஷின், அவரோடது ரெண்டாவது. கோடு ஒண்ணுதான், டூல் ஒண்ணுதான், வெர்ஷனும் ஒண்ணுதான். வேற எதுக்காவது டாக்டரைப் பாக்கச் சொல்லுங்க."

"உன் வாயில இருந்து இதுதான் வரும்னு தெரியும்."

மாகாளியின் மூக்கை இரண்டு மெஷினிலும் புதிதாகக் கட்டினேன். கட்டி முடித்த இரண்டையும் ஒப்பிட்டால் ஒன்று பெரியது, ஒன்று சிறியது. ஒரே அரிசியும் உளுந்தும் இரண்டு கிரைண்டரில் போட்டு, ஒரு வீட்டில் மட்டும் மாவு பாதியாக வந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. கம்பைலர் வெர்ஷன் பார்த்தேன், ஒன்றுதான். நூலகங்கள் ஒன்றுதான். சூழல் மாறிகளை வரிசையாக அச்செடுத்து, சிவப்பு மையால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தேன். எல்லாம் ஒன்றுதான். மத்தியானச் சாப்பாடு போயிற்று. இளஞ்செழியன் நடுவில் ஒரு தடவை வந்து, "மெஷினை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்களேன்" என்று சொன்னான். அவனைப் பார்த்த பார்வையிலேயே திரும்பிப் போனான்.

பிறகுதான் இந்த டூலின் ஒரு கெட்ட பழக்கம் நினைவுக்கு வந்தது. முதலில் அது, எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்லிப் புராஜெக்ட்டோடு வருகிற கான்ஃபிக் ஃபைலைப் படிக்கும். அதற்குப் பிறகு, மெஷினில் லாகின் ஆகியிருக்கும் ஆளின் சொந்த ஃபோல்டரில் ஒரு கான்ஃபிக் கிடந்தால், சத்தமில்லாமல் அதையும் படிக்கும். இரண்டும் வேறு வேறு சொன்னால் சொந்த ஃபோல்டர்தான் ஜெயிக்கும். அந்த ஃபைலின் பெயர் புள்ளியில் ஆரம்பிப்பதால் சாதாரணமாகப் பார்த்தால் கண்ணில்கூடப் படாது. மறைந்திருப்பதையும் காட்டு என்று கேட்டால்தான் தலையை நீட்டும்.

நீட்டியது. ஒரே ஒரு வரி. அருவருப்பு தரும் வாசனைகள் அத்தனையையும் விட்டுவிட்டுக் கட்டு என்பதுதான் அதன் பொருள்.

"செழியா, இந்த ரெண்டாவது மெஷின் எங்கிருந்து வந்துது?"

அவன் யோசித்தான். "ஆயுத பூஜைக்கு வந்ததுக்கா. மறந்துட்டீங்களா? ஒண்ணாவது மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வெச்சு, மாலை போட்டு, மறுபூஜை வரைக்கும் தொடக் கூடாதுன்னு அட்மின்ல சொல்லிட்டாங்க. பூஜையில வெச்ச ஆயுதத்தை எடுத்தா ஆகாதாம். அந்தச் சமயம் பாத்து ஜெகதீசன் சார் தன் ஆளுங்களுக்குக் குடும்பத்தோட சிப் வெக்க நடத்தின முகாம். க்யூ நிரம்பி வழியுது. நான்தான் டெமோ ஹால்ல கெடந்த மெஷினைக் கொண்டு வந்து மாட்டினேன். அப்புறம் அப்படியே விட்டாச்சு. அது வேகமா வேற கட்டுதா, க்யூவும் அதுக்கே நெறைய வேலை தள்ளுது."

பாதியைக் கட்டாமல் விட்டால் வேகமாகத்தான் கட்டும். "டெமோ மெஷின்ல இந்த வரி எதுக்கு?"

"அது கண்காட்சிக்கு. நம்ம ஸ்டாலைக் கக்கூஸ் பக்கத்துல குடுத்துட்டாங்க. விஐபி வந்து டெமோ சிப்பை மாட்டினதும் மொதல்ல அந்த நாத்தம்தான் வரும். அதான் சந்தானகோபால் சார் கெட்டதையெல்லாம் கட் பண்ணச் சொன்னாரு." அவன் திரையை எட்டிப் பார்த்தான். முகம் கொஞ்சம் வெளுத்தது. "ஆனா டெஸ்ட் பாஸ் ஆச்சேக்கா."

"ஆகாம என்ன? டெஸ்ட்ல இருக்கறது ரோஜாவும் காபியும்."

*

சந்தானகோபால் எங்கள் துணைத் தலைவர். சென்னையிலிருந்து வந்தவர். எதைச் சொன்னாலும் முதலில் புன்னகை செய்வார். அந்தப் புன்னகையில் எனக்கு எப்போதுமே ஒரு பிசுபிசுப்புத் தட்டுப்படும். செவ்வாய்க்கிழமை காலையில் அவர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஃபைலை நீக்க வேண்டும், இரண்டாம் மெஷினில் கட்டிய அத்தனை மூக்குகளையும் மறுபடி கட்டி அனுப்ப வேண்டும், அதுவரை அந்த ஆட்கள் தொட்டியில் இறங்கக் கூடாது என்று ஜெகதீசனுக்குச் சொல்ல வேண்டும்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "பிரில்லியன்ட், சௌந்தரி. ஒரு நாள்ல புடிச்சிட்டியே. ஆனா ஒண்ணு சொல்லு. இதுல எது பக், எது கோளாறு?"

"புரியல சார்."

"எதுல கம்ப்ளைன்ட் வருதோ அதுதானே பக்? ரெண்டாவது மெஷின்காரங்க ஒருத்தர்கூட கம்ப்ளைன்ட் பண்ணல. அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார் போடறாங்க. மொதல் மெஷின்காரங்கதான் பஸ் ஸ்டாண்டு நாறுது, ஃப்ரிட்ஜ் நாறுதுன்னு எழுதறாங்க. அப்போ எந்த மெஷின் சரியா வேலை செய்யுது?"

"நாறுறது நாறணும் சார். மூக்கு அதுக்குத்தான் இருக்கு."

"அது கடவுள் பண்ணின மூக்கு. நாம அதைவிட நல்லதாப் பண்ணலாமே?" புன்னகை அகலமானது. "ஜெகதீசன் போன மாசமே சொன்னார். 'மொத முகாம்ல பாதிப் பேரு சூப்பராயிட்டாங்க, குடிக்கிறதில்ல, மொகம் சுளிக்கிறதில்ல, சொன்ன எடத்துல எறங்கறாங்க. மீதிப் பேருக்கும் அதே மாதிரி வேணும்'னாரு. எனக்கு அப்போ என்ன வித்தியாசம்னு தெரியல. இப்ப நீ கண்டுபுடிச்சுக் குடுத்துட்ட."

நான் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டேன். அந்தச் சொல் நாக்கில் பட்ட பூச்சி மாதிரி இருந்தது.

"சார், அழுகின முட்டை வாசனைன்னா விஷவாயு. கொஞ்சமா இருக்கும்போதுதான் அது மூக்குக்குத் தெரியும். நெறைய ஆயிட்டா நல்ல மூக்கே மரத்துப் போயிடும். அந்த மொத வாசனைதான் அவங்களுக்கு இருக்கற ஒரே எச்சரிக்கை. அது தெரியலன்னா செத்துடுவாங்க."

"மீட்டர் வெச்சுக்கறது காண்ட்ராக்டர் பொறுப்பு. நாம மூக்கு விக்கறோம், பாதுகாப்பு விக்கல."

"நாத்தம் தெரிஞ்சா அவங்க எறங்க மாட்டாங்க சார்!"

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார் அவர்.

அவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். "யோசிச்சுப் பாரு. வேற வேலை கெடைக்காதவங்க. எப்படியும் எறங்கத்தான் போறாங்க. நாத்தம் தெரியாம எறங்கினா அது ஒரு வகையில புண்ணியம். அந்த வரியை மெஷின்ல இருந்து எடுத்து புராஜெக்ட் கான்ஃபிக்ல போட்டுடு. ரெண்டு மெஷினும் ஒரே மாதிரி ஆயிடும். நீ கேட்டதும் அதுதானே?"

நான் தண்ணீரைத் தொடவில்லை. வெளியே வந்து கழுவு தொட்டியில் முகத்தைக் கழுவினேன். எத்தனை தடவை கழுவியும் அந்த அறையின் ஏர் ஃப்ரெஷ்னர் வாசனை போகவில்லை. லாவண்டர்.

இருக்கைக்குத் திரும்பி அந்த வரியை அழித்தேன். சொன்ன இடத்தில் போடவும் இல்லை. இரண்டாம் மெஷினில் கட்டியதை எல்லாம் முதல் மெஷினில் மறுபடி கட்ட வரிசையில் விட்டேன். ஜெகதீசனுக்கும் நானே போன் செய்தேன். "கம்பெனில இருந்து அப்புடி எதும் சொல்லலீங்களே" என்று சொல்லிவிட்டு அவர் இணைப்பைத் துண்டித்தார். வேலை போனால் போகட்டும் என்று தைரியமாக இருந்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அடுத்த சம்பளத்துக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன்.

*

புதிய பில்ட்டைச் சிப்பில் ஏற்ற, போட்டுக்கொண்டிருப்பவரே கண்ணாடிப் பலகையில் விரலை வைத்துச் சம்மதம் சொல்ல வேண்டும். அது சட்டம். அதனால் புதன்கிழமை மாகாளியையும் பொன்னாத்தாவையும் வரச் சொன்னேன். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். கண்காட்சியில் கக்கூஸ் பக்கத்தில் கிடைத்த ஸ்டால் வரைக்கும்.

மாகாளி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அந்தத் தொட்டியெல்லாம் சுத்தமில்லீங்களா?"

"இல்லீங்க."

"நாறிட்டுத்தான் கெடந்துச்சுங்களா?"

"ஆமாங்க."

அவர் தலையை நிமிர்த்தினார். "அம்மிணி, நீங்க சொல்றது வெளங்குது. ஆனாட்டி அந்த வாசம் திரும்ப வந்தா நான் மறுக்காக் குடிக்கோணுமுங்க. குடிக்காம எறங்க முடியாது. இவ படற பாட்டப் பாத்துட்டுத்தான் சொல்றனுங்க. இப்புடியே இருந்துட்டுப் போறனே."

எந்தக் கான்ஃபிக்கிலும் இதற்கு ஒரு வரி கிடையாது. பொன்னாத்தாவைப் பார்த்தேன். அவள் முந்தானை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். திங்கட்கிழமை எங்கள் கம்பெனியை வாழ்த்திய முகம் அது. வாழ்த்தியது எதை என்று இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"குடிகாரன வெச்சு நான் காலந்தள்ளிப் பழகீட்டேன்" என்று அவள் கடைசியில் சொன்னாள். "செத்தவன வெச்சு என்ன பண்றது? வைய்யுங்க வெரல."

அவர் வைத்தார்.

சிப் புதிய பில்ட்டை வாங்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆகும். மாகாளி அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு அவர் மூக்கு விடைத்தது. எழுந்து ஜன்னல் பக்கம் போனார், திரும்பி வந்தார், நாற்காலியைக் குனிந்து பார்த்தார். எங்கிருந்து வருகிறது என்று தேடினார். கடைசியில் தன் கையைத் தூக்கி முகர்ந்தார். சட்டைக் கையை இழுத்து முகர்ந்தார். காலையில் எந்திரத்தின் குழாயைப் பிடிக்கிற வேலைக்குப் போய்விட்டு, குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார்.

"இதோடயா பொன்னாத்தா..." என்றார். "இதோடயா நான் உன்ற பக்கத்துல படுத்தேன்?"

"அதுக்கென்ன இப்ப?" என்று அவள் அதட்டினாள். ஆனால் அவர் தன் கைகளை உடம்பிலிருந்து தள்ளித் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வேறொருவருடைய கைகளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அவள்தான் ஒரு கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

*

வியாழக்கிழமை நடந்ததைப் பொன்னாத்தா போனில் சொன்னாள். மூடியைத் திறந்ததும் மாகாளி பின்னால் எகிறியிருக்கிறார். திம்மன் என்ற இன்னொருவர் அதற்குள் ஏணியில் காலை வைத்துவிட்டார். அவருக்கு இரண்டாம் மெஷின் மூக்கு. புதியது ஏற்ற இன்னும் வரவில்லை. 'என்னப்பா, ஒண்ணும் இல்லியே' என்றபடி இறங்கியவரை மாகாளி சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டிருக்கிறார். இருவரும் உருண்டு விழுந்ததில் திம்மனுக்கு முழங்கை பெயர்ந்துவிட்டது. யாரோ தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லி, அவர்கள் கொண்டுவந்த மீட்டர் தொட்டியின் வாயிலேயே அலறியதாம்.

அன்று சாயங்காலம் நான் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தேன். ஒத்துக்கொள்கிறேன். அடுத்தடுத்த நாட்களில் ஜெகதீசனின் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து விரலை வைத்தார்கள். திம்மனும் கட்டுப்போட்ட கையோடு வந்தார். எல்லாருக்கும் முதல் மெஷினில் கட்டிய சரியான மூக்கு போனது.

அதற்குப் பிறகு ஜெகதீசனிடமிருந்து புகார் வந்தது. பொருளில் பழுது. முன்பு நன்றாக இருந்த சிப்புகள் புதிய பில்ட்டுக்குப் பிறகு கெட்டுவிட்டன. ஆட்கள் மூடியைத் திறந்ததும் விலகிப் போய் மர நிழலில் உட்கார்ந்துகொள்கிறார்கள். யாரும் இறங்காமல் வேலைகள் நிற்கின்றன. பழைய பில்ட்டே வேண்டும்.

சந்தானகோபால் என் மேஜைக்கே வந்தார். புன்னகையோடுதான், எல்லாருக்கும் பழைய பில்ட்டையே ஏற்றச் சொன்னார். அழித்த வரியை இளஞ்செழியன் அதற்குள் புராஜெக்ட் கான்ஃபிக்கிலேயே போட்டுவிட்டிருந்தான். மெஷின்கள் ஒத்துப்போய்விட்டன. என்னை நிமிர்ந்து பார்க்காமல், "எனக்கு வேற வழி இல்லக்கா" என்று அவன் முணுமுணுத்தான். இவனையும் எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. சம்மதப் பலகைக்கு எதிரே உட்கார்ந்து பில்ட்டை ஏற்றும் அதிகாரம் எனக்கும் அவனுக்கும்தான் உண்டு. அவன் உட்கார்ந்தால் ஒரு வார்த்தை பேசாமல் விரலை வாங்கிக்கொள்வான். நான் உட்கார்ந்தால், இது என்ன என்றாவது சொல்லலாம். அப்படிச் சொல்லிக்கொண்டுதான் நான் உட்கார்ந்தேன். அந்தக் காரணம்கூட எனக்கு இப்போது அருவருப்பாக இருக்கிறது.

ஜெகதீசன் வேனில் எல்லாரையும் அள்ளிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டை, செண்டு. ஆட்கள் வரிசையில் நிற்க, அவர் மட்டும் கதவோரம் மின்விசிறிக்குக் கீழே நின்றார்.

ஒவ்வொருவருக்கும் சொன்னேன். "இதை ஏத்தினா கெட்ட வாசனை எதுவும் தெரியாது. விஷவாயு வாசனையும் தெரியாது. இறங்கினா உயிர் போகலாம். சம்மதம் இல்லைன்னா விரல் வைக்க வேண்டியதில்லை."

"தெரியுமுங்க" என்றார் முதல் ஆள். வைத்தார். அடுத்தவர் நான் சொல்லி முடிக்கும் முன்பே வைத்தார். இன்னொருவர், "பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கறனுங்க" என்று, நான் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வைத்தார்.

மாகாளி வந்தார். நான் ஆரம்பித்ததைச் சொல்ல விடாமல் கையைக் காட்டினார். கதவுப் பக்கம் திரும்பி ஜெகதீசனைப் பார்த்தார்.

"அம்மிணி, எங்க மொதலாளிக்குச் சிப்பு இருக்குதுங்களா?"

எனக்கு அது தெரியாது. கேள்வி ஜெகதீசன் காதில் விழுந்துவிட்டது. "எனக்கெதுக்குடா சிப்பு? எனக்குக் காய்ச்சலே வல்ல. சொந்த மூக்கு" என்றார். "சட்டுன்னு வெரல வைடா, நேரமாச்சு."

"சொந்த மூக்குங்களா?" மாகாளி மெதுவாகச் சொன்னார். "அப்ப அந்தத் தொட்டி எல்லாத்துலயும் உங்களுக்கு வாசம் வந்துட்டேதான இருந்திருக்கும்? எங்களுக்கு வராத அந்த வாசம். அதானுங்களா நீங்க எப்பப் பாத்தாலும் கார அந்தத் தெரு முக்குல நிறுத்துனீங்க?"

ஜெகதீசன் கைக்குட்டையை எடுத்தார், என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி பையில் வைத்தார். "வெக்கறயா இல்லியாடா?"

"வெக்கலீங்க."

"அப்ப வேன்ல ஏறாத."

"ஏறலீங்க." மாகாளி என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, வெயிலில் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்து போய்விட்டார்.

அவருக்குப் பின்னால் நின்றது திம்மன். முழங்கைக் கட்டு அழுக்கேறியிருந்தது. நல்ல கையின் விரலைக் கண்ணாடிக்கு மேலே கொண்டுவந்து, தொடாமல் நிறுத்தினார். ஜன்னல் வழியாக மாகாளி போன பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு அவர் கேட்டார்.

"அம்மிணி, நீங்களா இருந்தா வெப்பீங்களா?"

சந்தானகோபால் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும். "மாட்டேன்" என்றேன். "செத்தாலும் வைக்க மாட்டேன்."

திம்மன் தலையாட்டினார். நான் சொன்னது சரிதான் என்று அவருக்குப் பட்டதுபோலத்தான் இருந்தது. என் அடையாள அட்டையை, என் நாற்காலியை, என் மேஜையில் ஆறிக்கொண்டிருந்த காபியை நிதானமாகப் பார்த்தார்.

"உங்களுக்கு அது சுலுவுங் அம்மிணி" என்று சொல்லிவிட்டு விரலை வைத்து அழுத்தினார்.

திரையில் பச்சை எழுத்தில் 'பில்ட் வெற்றி' என்று வந்தது.